மாக்ஸ் லிண்டர்: பட்டுத் தொப்பிக்காரர் செய்ததும் இழந்ததும்

கேள்வி இது: “சாப்ளினுக்கு முன்னோடி என்று பிரெஞ்சு நடிகர் மாக்ஸ் லிண்டரைச் சொல்கிறார்கள். அவர் அப்படி என்ன செய்தார்? உலகப் புகழ் பெற்றவரின் பெயர் ஏன் மங்கிப்போனது? அவர் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?”

மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. எனவே அவருடைய தொழில் வாழ்க்கையின் வரிசையிலேயே பதில் சொல்கிறேன். முதலில் சுருக்கமாக ஒன்று. லிண்டருக்கு முன்பும் திரையில் வழுக்கி விழுந்தவர்கள், துரத்தப்பட்டவர்கள், பாத்திரங்களை உடைத்தவர்கள் ஏராளம். ஆனால் விழுந்தால் மானம் போய்விடுமே என்று கவலைப்படும் ஒரு மனிதனைத் திரையில் நிறுத்தி, அந்தக் கவலையிலிருந்தே சிரிப்பை எடுத்தவர் லிண்டர். பிறகு வந்த பெரிய ஊமைப்பட நகைச்சுவையாளர்கள் எல்லோரும் இந்த ஒரு புள்ளியில் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இயற்பெயர் கப்ரியேல் மாக்ஸிமிலியான் லூவியேல். பிறந்தது 1883 டிசம்பர் 16, பிரான்சின் போர்தோ நகருக்குப் பக்கத்தில் உள்ள சான்-லூபெஸ். குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம். ஒயின் தயாரிப்பில் வசதியாக வாழ்ந்தவர்கள். மகனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. போர்தோவில் நாடகப் பயிற்சி பெற்று, அங்கே மேடையேறி, 1904இல் பாரிசுக்குப் போனார். அங்கே அம்பிகு போன்ற அரங்குகளில் கிடைத்ததெல்லாம் சிறு வேடங்கள். 1905இல் பாத்தே நிறுவனத்தின் வான்சேன் படப்பிடிப்புக் கூடத்தில் பகல் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கேமரா, இரவில் மேடை. நாடகக்காரர்கள் சினிமாவை மதிக்காத காலம் அது. சினிமாவில் நடிப்பவர் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். படத்திலும் நடிகர் பெயர் போடும் வழக்கம் இல்லை.

அன்று பாத்தேயில் வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் லிண்டர் செய்ததன் அருமை புரியும். வெயில் உள்ளே வருவதற்காகக் கண்ணாடிக் கூரை போட்ட கூடம். துணியில் வரைந்த வீட்டுச் சுவர்கள். கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 கட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், பதிவாகும். வினாடிக்கு 2 சுற்று, அதாவது 16 கட்டங்கள். 35 மி.மீ. பிலிமில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 52 கட்டங்கள் அடங்கும். ஆக 100 மீட்டர் படம் அந்த வேகத்தில் ஐந்தரை நிமிடம் ஓடும். அன்றைய நகைச்சுவைப் படங்களில் பெரும்பாலானவை 100 முதல் 200 மீட்டர் வரைதான். ஐந்து முதல் பதினோரு நிமிடத்துக்குள் ஆளை அறிமுகம் செய்து, சிக்கலில் மாட்டிவிட்டு, உச்சத்துக்குக் கொண்டுபோய் முடிக்க வேண்டும். பேச்சு கிடையாது. இடையில் வரும் எழுத்து அட்டைகளும் மிகக் குறைவு.

1907இல் பாத்தே இன்னொரு மாற்றம் செய்தது. அதுவரை பிரதிகளை மீட்டர் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். சந்தைத் திடல்களில் கொட்டகை போடும் ஊர்சுற்றிகள் ஒரு பிரதியை வாங்கி, தேயும்வரை ஓட்டுவார்கள். 1907 முதல் வாடகை முறை வந்தது. நிலையான திரையரங்குகள் பெருகின. வாரா வாரம் படம் மாறியது. அதே தெருக்காரர்கள் அதே அரங்குக்கு வாரா வாரம் வரும்போது, தெரிந்த முகம் ஒன்றைத் திரும்பப் பார்க்க விரும்புவார்கள். தயாரிப்பாளருக்கும் அதில் லாபம்: தெரிந்த ஆளுக்கு அறிமுகம் வேண்டாம், அந்த முப்பது வினாடியைக் கதைக்குத் தரலாம். தொடர் நாயகன் பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான்.

பாத்தேயின் அன்றைய சிரிப்பு நாயகன் ஆந்த்ரே தீத். சர்க்கஸ் உடல், முட்டாள்தனத்தின் பேருருவம். அவர் நுழைந்த வீடு மிஞ்சாது. அவர் இத்தாலியின் தூரின் நகரத்து நிறுவனம் ஒன்றுக்குப் போனதும் பாத்தேயில் இடம் காலியானது. அந்த இடத்துக்குத்தான் லிண்டர் வந்தார். ஆனால் தீத்தைப் போல நடிக்க அவர் முயலவே இல்லை.

லிண்டரின் வேடத்துக்கு விதை 1907ஆம் ஆண்டுப் படமான ‘லே தெபூ தன் பத்தினேர்’ (‘பனிச்சறுக்கனின் தொடக்கம்’). இயக்கியவர் லூயி கஸ்னியே. உறைந்த ஏரியில் ஒருவர் சறுக்கப் பழகி, விழுந்து விழுந்து எழுகிறார், கதை அவ்வளவுதான். ஆனால் அவர் அணிந்திருப்பதைக் கவனியுங்கள்: பட்டுத் தொப்பி, நேர்த்தியான கோட்டு, கையுறை, கைத்தடி. கந்தல் உடுத்தியவர் பனியில் விழுந்தால் அது விபத்து. இப்படி உடுத்தியவர் விழுந்தால் அவர் முதலில் தொப்பியைத் தேடுகிறார், அடுத்து யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் நோக்குகிறார், அதன்பிறகுதான் வலிக்கும் இடத்தைத் தடவுகிறார். இந்த வரிசைதான் லிண்டர். பிந்தைய படங்கள் எதை எடுத்தாலும், விழுந்த பின் அவர் கை முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள்.

1909 முடிவதற்குள் வேடம் நிலைபெற்றது. நறுக்கிய மீசை, வழித்து வாரிய தலை, கோடு போட்ட கால்சட்டை, பளபளக்கும் காலணி. பெயர் ‘மாக்ஸ்’, தொழில் எதுவும் இல்லை. காசு இருக்கிறது, நேரம் இருக்கிறது. எப்போதும் ஏதோ ஒரு பெண்ணுக்காகவோ ஒரு கோப்பை மதுவுக்காகவோ சிக்கலுக்குள் நடந்து போகிறார். தெருவில் இருப்பவர்களும் அதே உடையில் இருப்பதால் படம் நிஜ பாரிசில் நடப்பதுபோலவே இருக்கும். கோமாளி உடை இல்லாத கோமாளி என்று சொல்லலாம். தலைப்பிலேயே அவர் பெயர் வந்தது: மாக்ஸ் குளிக்கிறார், மாக்ஸ் திருமணம் செய்கிறார், மாக்ஸும் அவர் மாமியாரும். நடிகர் பெயரே சரக்கின் பெயராக ஆன முதல் வரிசை நட்சத்திரங்களில் அவரும் ஒருவர். 1910இல் அவர் சினிமாவுக்கு வந்த கதையையே பாத்தே ஒரு குறும்படமாக எடுத்தது. அதில் முதலாளி சார்ல் பாத்தே தானாகவே தோன்றுகிறார். தயாரிப்புக் கூடமே விளம்பரப் பொருளாகிவிட்ட காலம் வந்துவிட்டது என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

1910ஆம் ஆண்டின் ‘மாக்ஸ் பிராந்த் அன் பேன்’, அதாவது ‘மாக்ஸ் குளிக்கிறார்’, அவர் முறையை விளக்க நல்ல உதாரணம். மருத்துவர் தினமும் குளிக்கச் சொல்கிறார். மாக்ஸ் தொட்டி வாங்குகிறார். குழாயோ வீட்டுக்கு வெளியே, மாடிப்படி நடையில். தொட்டியை உள்ளே வைத்துவிட்டுச் சின்னப் பாத்திரத்தில் நீர் சுமந்து பார்க்கிறார்; சரிப்படவில்லை. சரி, தொட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோவோம். அங்கேயே இறங்கிக் குளிக்கிறார். அக்கம்பக்கத்தார் படியேறி வருகிறார்கள், போலீஸ் வருகிறது. ஒவ்வொரு படியிலும் அவர் எடுக்கும் முடிவு நியாயமானது. நியாயமான முடிவுகளை அடுக்கி அடுக்கித்தான் அம்மணமாக நடுத்தெருவுக்கு வருகிறார். கடைசியில் தொட்டியை முதுகில் ஆமை ஓடுபோலக் கவிழ்த்துக்கொண்டு சுவரில் ஏறி ஓடுகிறார். சுவர் ஏறும் தந்திரம் அன்று வழக்கமானது: கட்டட முகப்பைத் தரையில் விரித்து வரைந்து, கேமராவை மேலே தொங்கவிட்டு நேர்கீழே பார்த்துச் சுற்றுவார்கள், நடிகர் தரையில் தவழ்வார். தந்திரத்தை மட்டும் வைத்தே படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். லிண்டர் அதைக் கடைசி நிமிடத்துக்கு ஒதுக்கினார். அதற்கு முன் பார்வையாளர் அவரோடு சேர்ந்து வெட்கப்பட்டுவிட்டதால் அது பலிக்கிறது.

1910 இறுதியில் நோயில் படுத்து, 1911இல் திரும்பி வந்த பிறகு, கதையும் இயக்கமும் பெரும்பாலும் அவர் கைக்கே வந்தன. அதற்கு முன் கஸ்னியே, லூசியான் நோங்கே போன்றவர்கள் இயக்கியிருந்தார்கள். அந்த 1911இல் வந்த ‘மாக்ஸ், விக்டீம் து கின்கினா’ அவருடைய குறும்படங்களில் எனக்கு முதலிடம். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டமைப்பு என்றால் என்ன என்று இந்த ஒரு படத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

உடல் நலிந்த மாக்ஸுக்கு மருத்துவர் கின்கினா எழுதிக் கொடுக்கிறார். சிங்கோனாப் பட்டை ஊறிய ஒயின், அன்றைய சத்து மருந்து. காலையில் ஒரு ‘போர்தோ கோப்பை’ அளவு குடிக்க வேண்டும். போர்தோ கோப்பை என்றால் ஒயின் குடிக்கும் சாதாரணக் கோப்பை. மாக்ஸ் வீட்டிலோ ‘போர்தோவின் நினைவாக’ என்று பொறித்த, குடம்போன்ற அலங்காரக் கோப்பை ஒன்று இருக்கிறது. மருத்துவர் சொன்னபடி அதை நிரப்பிக் குடிக்கிறார். கவனியுங்கள், குடிகாரனாக அவர் புறப்படவில்லை. சொல் பேச்சுக் கேட்கும் நோயாளியாகப் புறப்படுகிறார்.

இதன்பின் படம் இரண்டு பாதி. முதல் பாதியில் போதையில் மூன்று பெரிய மனிதர்களோடு சண்டை: ஒரு போலீஸ் கமிஷனர், ஒரு தூதர், போர் அமைச்சர். அன்றைய பிரெஞ்சு மேட்டுக்குடியில் சண்டை வந்தால் அடிதடி கிடையாது; முகவரி அட்டையை நீட்டுவார்கள், பிறகு துவந்த யுத்தத்துக்கு நாள் குறிப்பார்கள். ஆக மாக்ஸின் சட்டைப்பையில் மூன்று அட்டைகள் சேர்கின்றன. இரண்டாம் பாதியில் தெருவில் தள்ளாடுபவரைப் போலீஸ்காரர் பிடிக்கிறார், பையைத் துழாவுகிறார், அட்டை வருகிறது. “ஐயா கமிஷனர்!” என்று சல்யூட் அடித்து, தாங்கிப் பிடித்து, கமிஷனர் வீட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார். அங்கிருந்து உதைபட்டு வெளியே வந்தால் அடுத்த போலீஸ்காரர், அடுத்த அட்டை, அடுத்த வீடு. உண்மை தெரிந்ததும் சல்யூட் அடித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மாக்ஸை என்ன செய்கிறார்கள் என்பதுதான் முடிவு.

மூன்று விதைப்பு, மூன்று அறுவடை. ஒரு அட்டைகூட வீணாகவில்லை. முதல் பாதியில் அவமானச் சின்னமாக வந்த அட்டை இரண்டாம் பாதியில் மரியாதைச் சீட்டாக மாறுகிறது. ஆளைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக் கும்பிடும் சீருடைக்காரர்களைப் பற்றிய கிண்டலும் அதற்குள்ளேயே இருக்கிறது. குடிபோதை நடிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. அவர் தள்ளாடுவதை நடிப்பதில்லை, தள்ளாடாமல் இருக்க முயல்வதை நடிக்கிறார். காலை எண்ணி எண்ணி வைக்கிறார், தொப்பியை மிகச் சரியாக நிமிர்த்துகிறார், பணிவாகக் குனிந்து வணங்கும்போதுதான் சாய்கிறார். குடிகார வேடத்தில் பலர் தோற்பது இங்கேதான். முதல் வினாடியிலேயே முழுதாகச் சாய்ந்துவிட்டால் அதற்கு மேல் போக இடமில்லை.

1911 முதல் 1914 வரை அவர் உச்சத்தில் இருந்தார். 1912இல் வந்த படமொன்றில் அவருடைய நாய் டிக், மனைவியின் கள்ளக் காதலைக் கண்டு எசமானுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்கிறது. 1914இன் ‘மாக்ஸ் பெடிக்யூர்’ படத்தில் மாக்ஸ் இன்னொருவரின் வீட்டில் அந்த வீட்டுக்காரரின் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கையில் கணவர் வந்துவிட, பாத சிகிச்சைக்காரனாக வேடமிடுகிறார். கணவரோ மகிழ்ந்துபோய்த் தன் காலையும் நீட்டுகிறார். ஸ்டாசியா நாப்பியெர்கோவ்ஸ்கா, ஜான் ரெனுவார், காபி மொர்லே ஆகியோர் இந்தக் காலத்தில் அவரோடு நடித்தவர்கள். ஸ்பெயின், பெர்லின், வியன்னா, புடாபெஸ்ட், ரஷ்யா என்று நேரடி மேடைச் சுற்றுப்பயணங்களும் நடந்தன. பார்சலோனாவில் காளைச் சண்டைக் களத்திலேயே இறங்கிப் படமாக்கினார். சென்ற இடத்திலேயே படம் எடுத்துவிடுவது அவர் வழக்கம். பயணச் செலவு படச் செலவாகிவிடும்.

போர் வந்தது. 1914இல் படைக்குச் சேவை செய்யப் போனார், கார் ஓட்டிச் செய்தி கொண்டுசெல்லும் பணி. உடல்நிலை நிரந்தரமாகக் கெட்டது. இறந்துவிட்டதாகவே ஒருமுறை பத்திரிகைகள் எழுதின. நுரையீரல் நோயும் ஆழ்ந்த மனச்சோர்வும் அதன்பின் அவரை விடவே இல்லை.

அமெரிக்காவில் எஸ்ஸனே நிறுவனத்திலிருந்து சாப்ளின் 1916 தொடக்கத்தில் விலகி மியூச்சுவலுக்குப் போனார். எஸ்ஸனே தலைவர் ஜார்ஜ் ஸ்பூர் அந்த இடத்தை நிரப்ப லிண்டரைத் தேடினார். வாரம் 5,000 டாலர், 12 படங்கள். வந்தவை மூன்றே: ‘மாக்ஸ் கம்ஸ் அக்ராஸ்’, ‘மாக்ஸ் வாண்ட்ஸ் எ டிவோர்ஸ்’, ‘மாக்ஸ் இன் எ டாக்சி’. மூன்றும் 1917. இதைத் தோல்வி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். காரணங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது, ‘சாப்ளினுக்குப் பதில்’ என்று விளம்பரம் செய்யப்பட்டார். சாப்ளினின் கந்தல் நாடோடியை எதிர்பார்த்து வந்தவர்களுக்குப் பட்டுத் தொப்பி கிடைத்தது. இரண்டாவது, அமெரிக்க நகைச்சுவை அதற்குள் கீஸ்டோன் நிறுவனத்தின் துரத்தல், அடிதடிப் பாணி வேகத்துக்குப் பழகியிருந்தது. லிண்டர் சிரிப்பு சேர்வதற்கு நேரம் எடுப்பவர். மூன்றாவதுதான் பெரியது: உடம்பு. மூன்றாம் படத்தோடு கடும் நோய், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஐரோப்பா திரும்பி, சுவிட்சர்லாந்தில் நீண்ட காலம் சிகிச்சை பெற்றார்.

அமெரிக்காவில் இருந்த நாட்களில் சாப்ளினோடு நட்பு வளர்ந்தது. “ஒப்பற்ற மாக்ஸுக்கு, பேராசிரியருக்கு, அவர் சீடன் சார்லி சாப்ளின்” என்று எழுதி சாப்ளின் தன் படத்தைக் கையெழுத்திட்டுத் தந்தார். இதை வைத்து, சாப்ளின் எல்லாவற்றையும் லிண்டரிடமிருந்து எடுத்தார் என்று எழுதுபவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். சாப்ளினின் குடிகார நடிப்பும் அடிதடியும் பிரெட் கார்னோ குழுவின் ஆங்கில மேடையில் பழகியவை. லிண்டரிடமிருந்து அவர் கற்றதாக நான் நினைப்பது இரண்டு. ஒன்று, முகம் அடங்கியிருக்க எண்ணம் மட்டும் தெரியும் நடிப்பு. மற்றொன்று, எந்த இழிவிலும் கனவான் நடத்தையை விடாத நாயகன். சாப்ளின் செய்த மேதைமை, அந்தக் கனவானின் உடையைக் கந்தலாக்கியது. லிண்டரின் மாக்ஸுக்கு இழக்க எல்லாம் இருக்கிறது. சாப்ளினின் நாடோடிக்கு மரியாதை ஒன்றுதான் மிச்சம்.

1919இல் ரேமோன் பெர்னார் இயக்கத்தில் ‘ல பெத்தி கஃபே’. ரேமோனின் தந்தை திரிஸ்தான் பெர்னார் எழுதிய நாடகம் அது. உணவக ஊழியருக்குப் பெருஞ்சொத்து வருகிறது. அதை முன்கூட்டியே அறிந்த முதலாளி நீண்ட கால ஒப்பந்தத்தில் சிக்கவைத்துவிடுகிறார். விலகினால் பெரும் அபராதம். ஆக பகலில் தட்டு ஏந்துகிறார், இரவில் சீமான். லிண்டருக்கென்றே செய்ததுபோன்ற கரு. பிரான்சில் படம் நன்றாக ஓடியது. பாரிஸ் புவாசோனியேர் பெருந்தெருவில் அவர் தன் பெயரில் ஒரு திரையரங்கும் நடத்தினார். ‘மாக்ஸ் லிண்டர் பானொரமா’ என்ற பெயரில் அது இன்னும் அங்கே இருக்கிறது.

மீண்டும் அமெரிக்கா போனார். இந்த முறை சொந்தத் தயாரிப்பு. மூன்று முழுநீளப் படங்கள்: 1921இல் ‘செவன் இயர்ஸ் பேட் லக்’, ‘பீ மை வைஃப்’, 1922இல் ‘த த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்’. மூன்றாவது, டக்ளஸ் பேர்பேங்க்ஸ் நடித்து 1921இல் வந்த ‘த த்ரீ மஸ்கட்டியர்ஸ்’ (‘மூன்று வீரர்கள்’) படத்தின் கேலி. பதினேழாம் நூற்றாண்டில் மோட்டார் சைக்கிளும் தொலைபேசியும் வரும். இதற்குப் பிரெஞ்சில் ‘லேத்ருவா மூஸ்கெத்தேர்’ என்று பெயர் வைத்தார்கள். ‘மூன்று வீரர்கள்’ என்பதுபோலவே ஒலிக்கும், பொருள் ‘ஒடுங்கிய வீரன்’. ‘பீ மை வைஃப்’ படத்தில் ஒரு இடம் தவறவிடக் கூடாதது. காதலியின் அத்தையிடம் வீரனாகக் காட்டிக்கொள்ளத் திருடனோடு சண்டையிடுவதாக நாடகமாடுகிறார். திரைச்சீலைக்குப் பின்னால் இருவரும் அவரே. சீலைக்குக் கீழே கால்களும் மேலே கைகளும் மட்டும் தெரிய, இரண்டு ஆள் சண்டையை ஒரே உடம்பு செய்கிறது.

‘செவன் இயர்ஸ் பேட் லக்’ படத்தின் கண்ணாடிக் காட்சிக்குத்தான் எல்லோரும் வருவார்கள், வர வேண்டியதுதான். வேலைக்காரன் கையால் பெரிய நிலைக்கண்ணாடி உடைந்துபோகிறது. புதிய கண்ணாடி வரும்வரை எசமானை ஏமாற்ற, சாயலில் ஒத்த சமையல்காரனுக்கு மாக்ஸின் உடையை மாட்டி வெற்றுச் சட்டத்துக்குப் பின்னால் நிறுத்துகிறான். முந்தின இரவு குடியில் தலை கனக்கும் மாக்ஸ் சவரம் செய்ய வருகிறார். நுரை தேய்க்கிறார், எதிரே இருப்பவனும் தேய்க்கிறான்.

இதைச் செய்வதற்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இருவரும் ஒரே சட்டகத்தில் தெரிந்தாக வேண்டும், வெட்டி ஒட்டினால் மாயம் கெட்டுவிடும். எனவே கேமராவை நிறுத்தாமல் நீளமாக எடுக்க வேண்டும். உண்மையான பிம்பத்தில் உங்கள் வலக்கைக்கு நேரெதிரே இருப்பது எதிராளியின் இடக்கை. ஆகவே மாற்றாள் ஒவ்வொரு அசைவையும் கைமாற்றிப் பழக வேண்டும். சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் அறை, இந்தப் பக்கத்து அறைபோலவே வெளிச்சம் பெற வேண்டும். கொஞ்சம் இருண்டாலும் அது கண்ணாடி என்று நம்ப முடியாது. எல்லாம் பிசகில்லாமல் நடந்தால் பார்ப்பவர் வியப்பார், சிரிக்க மாட்டார். மாற்றாள் ஒரு கணம் பிந்தினால்தான் சிரிப்பு. அந்தப் பிந்தலை மாக்ஸ் கவனித்தாரா இல்லையா என்ற தவிப்பில்தான் காட்சி நிற்கிறது. சந்தேகம் வந்து அவர் சோதிக்கத் தொடங்கும்போது ஆட்டம் இருவருக்குள்ளும் போட்டியாகிறது. ஒருவழியாக ஏமாற்று புரிந்து, போலியை அடிக்கக் காலணியை ஓங்குகிறார். இடையில் புதிய கண்ணாடி வந்து பொருத்தப்பட்டுவிட்டது. காலணி அதை உடைக்கிறது. கண்ணாடி உடைந்தால் ஏழாண்டு கெட்ட காலம் என்பது மேல்நாட்டு நம்பிக்கை; அது தொடங்குகிறது.

பொய்க் கண்ணாடி வேடிக்கை அதற்கு முன்பே மேடையில் இருந்த ஒன்று. அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் 1933இல் ‘டக் சூப்’ படத்தில் அதைத் தங்கள் வழியில் செய்தார்கள். லிண்டர் சேர்த்தது அந்த முடிச்சு: ஏமாற்று வேலையைக் கண்டுபிடித்ததே அவரைக் கெடுக்கிறது. மாக்ஸ் முட்டாள் இல்லை. அவருடைய புத்திசாலித்தனம் ஒரு நிமிடம் தாமதமாக வருகிறது, அவ்வளவே.

படங்கள் அமெரிக்காவில் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. 1922இல் பிரான்ஸ் திரும்பினார். 1924இல் இயக்குநர் ஆபெல் கான்ஸோடு ‘ஓ ஸ்கூர்!’ என்ற குறும்படம். பேய்வீட்டில் ஒரு மணி நேரம் தாங்குவதாகப் பந்தயம் கட்டுபவரின் கதை; கான்ஸின் கேமரா வித்தைகளுக்காகவே பார்க்கலாம். அடுத்து வியன்னாவில் நடிகை வில்மா பாங்கியோடு ‘சர்க்கஸ் ராஜா’, எதுவார்-எமில் வியோலேவோடு சேர்ந்து இயக்கியது. அதுதான் கடைசிப் படம்.

1923இல் இளம்பெண்ணான எலேன் பீட்டர்ஸை மணந்தார். 1924 ஜூனில் மகள் மோட் பிறந்தாள். 1925 அக்டோபர் இறுதியில் பாரிஸ் விடுதி ஒன்றில் நடந்த தற்கொலையோடு கணவன் மனைவி இருவர் வாழ்வும் முடிந்தது. அவருக்கு 41 வயது. குழந்தைக்கு 16 மாதம். இதைக் காவியக் காதலாக எழுதுபவர்கள் உண்டு, அது தவறு. நோயும் சந்தேகமும் முற்றிய ஒருவர், தன்னோடு வாழவேண்டிய இன்னொரு உயிரையும் இழுத்துக்கொண்டு போன துயரம் அது. அவர் படங்களை நேசிப்பவர்களும் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெயர் மங்கியதற்கு இந்த முடிவு ஒரு காரணம். பெரிய காரணம் பிலிம். அவர் செய்தவை பெரும்பாலும் பத்து நிமிடக் குறும்படங்கள். 1920களில் முழுநீளப் படம் வழக்கமானதும் அவற்றுக்குச் சந்தை இல்லை. எளிதில் தீப்பற்றும், தானாகவே நொறுங்கும் நைட்ரேட் பிலிம். பிலிமில் உள்ள வெள்ளி உலோகத்துக்காகக் கரைக்கப்பட்ட பிரதிகள் எத்தனையோ. ஒலி வந்தபின் யாரும் பாதுகாக்கவில்லை. உரிமைகளைப் பேணித் திரும்ப வெளியிட சாப்ளின் உயிரோடு இருந்தார், லிண்டர் இல்லை. தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்த மோட், பெரியவளான பிறகுதான் தந்தையின் படங்களைத் தேடத் தொடங்கினார். மூன்று அமெரிக்கப் படங்களின் பகுதிகளைத் தொகுத்து 1963இல் ஒரு படம், குறும்படங்களோடு வாழ்க்கையைச் சொல்லி 1983இல் ‘லோம் ஓ ஷப்போ த ஸ்வா’ (‘பட்டுத் தொப்பி மனிதர்’) என்று இன்னொன்று வெளியிட்டார். 2017இல் இறக்கும்வரை இந்த வேலையை விடவில்லை. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு அவர் உழைப்பு.

சில படங்கள் பிழைத்ததற்கு வீட்டுப் புரொஜெக்டர்களும் காரணம். பாத்தே 1912இல் 28 மி.மீ., 1922இல் 9.5 மி.மீ. ‘பாத்தே-பேபி’ என்று தீப்பற்றாத பிலிமில் வீட்டு அளவுகளைக் கொண்டுவந்தது. மாக்ஸ் படங்கள் சுருக்கப்பட்டு இவற்றில் விற்கப்பட்டன. 9.5இல் ஒரு சிக்கனம் உண்டு: எழுத்து அட்டைக்குச் சில கட்டங்கள்தான் இருக்கும், பிலிம் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும், புரொஜெக்டர் அந்த வெட்டைத் தொட்டதும் படத்தைச் சில வினாடி நிறுத்தி வைக்கும். இது தெரியாமல் கணினிக்கு மாற்றியவர்களின் பதிவில் எழுத்து மின்னலாய் மறைந்துபோகும். அப்படி ஒன்று கிடைத்தால், அட்டை வரும் இடத்தில் நிறுத்திப் படியுங்கள். கதை தாவுவதாகத் தோன்றினால் அதுவும் சுருக்கப் பதிப்பாகவே இருக்கும்.

பார்க்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். முதலில் வேகம். வினாடிக்கு 16 கட்டமாக எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். 300 மீட்டர் படம் 16 நிமிடத்துக்குப் பதில் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். லிண்டரின் யோசிக்கும் கணங்கள் எல்லாம் அதில் செத்துப்போகும். பின்னணியில் நடந்து போகிறவர்களைப் பாருங்கள்; எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருந்தால் பிளேயரில் 0.75 வையுங்கள், 18 கட்டமாகிவிடும். 1921ஆம் ஆண்டுப் படங்களுக்கு இதைச் செய்யாதீர்கள். அப்போது சுற்றும் வேகமே கூடியிருந்தது, கண்ணாடிக் காட்சி தூங்கிவிடும். இரண்டாவது, சட்டகம். ஊமைப்படத்தின் அகல-உயர விகிதம் 4:3. அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கிய பதிவுகள் வலையில் உண்டு. தொப்பியின் உச்சியும் காலணியும் இரண்டும் தெரியவில்லை என்றால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள். லிண்டர் பாதி நடிப்பைக் காலில்தான் வைத்திருக்கிறார்.

வரிசை: முதலில் ‘கின்கினா’. அது பிடித்தால் ‘மாக்ஸ் குளிக்கிறார்’, பிறகு ‘மாக்ஸ் பெடிக்யூர்’. மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுத்த நாள், ஒரே அமர்வில், ‘செவன் இயர்ஸ் பேட் லக்’ முழுதாக. கண்ணாடிக் காட்சியை மட்டும் துண்டாகப் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய இரவில் மாக்ஸ் எந்த நிலையில் வீடு திரும்பினார் என்று பார்த்திருந்தால்தான், சட்டத்துக்கு எதிரே அவர் கண்ணைக் கசக்குவதன் பொருள் தெரியும். 1907ஆம் ஆண்டின் பனிச்சறுக்குப் படத்தைக் கடைசியில் வையுங்கள். தொடக்கத்திலேயே பார்த்தால் ஒருவர் விழுவதுதான் தெரியும். இவ்வளவும் பார்த்த பிறகு, அவர் எழுந்ததும் தொப்பியைத் தேடும் கை தெரியும்.